ஒன்று போனால் மற்றது சொல்லும்: ரெய்டு வட்டுகளின் கதை

ரெய்டு என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வருமான வரித்துறைதான். இந்தக் கட்டுரை அந்த ரெய்டைப் பற்றியது அல்ல (ஏமாற்றத்துக்கு மன்னிக்கவும்!). பல ஹார்டு டிஸ்க்குகளை ஒன்றாகக் கோர்த்து, அதில் ஒன்று செத்துப் போனாலும் தகவல் சாகாமல் காப்பாற்றும் ஏற்பாட்டுக்கும் ரெய்டு என்றுதான் பெயர். அந்த ஏற்பாடு எப்படிப் பிறந்தது, லினக்ஸுக்குள் எப்படி வந்தது, அதுவே படுத்துவிட்டால் எப்படி எழுப்புகிறார்கள் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

தறியில் ஒரு தகவல் கிடங்கு

சேலம் அம்மாபேட்டைப் பக்கம் போனவர்களுக்குத் தறிச் சத்தம் புதிதல்ல. ஜக்கார்டு பெட்டி வைத்த தறியைப் பார்த்தால், மேலே ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி கோர்க்கப்பட்டுத் தொங்கும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஒரு நூல் தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. சேலை பார்டரில் வரும் மயிலும் மாங்காயும் உண்மையில் அந்த அட்டைகளில்தான் இருக்கின்றன. 1800-களின் தொடக்கத்தில் பிரான்சின் ஜோசப் மரி ஜக்கார்டு கொண்டுவந்த இந்த முறைதான் பிற்காலத்தில் கணினிக்குத் துளை அட்டை என்ற யோசனையைக் கொடுத்தது என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம்.

அதில் ஓர் அட்டை கிழிந்துவிட்டால் என்ன செய்வார்கள்? டிசைன் முதலில் கட்டம் போட்ட தாளில் வரையப்பட்டிருக்கும். அந்தத் தாளைப் பார்த்து, கிழிந்த அட்டைக்கு உரிய வரிசையை மட்டும் மறுபடி துளையிட்டுக் கோர்த்துவிடலாம். தாளும் போய் அட்டையும் போனால் மயிலும் போச்சு!

இந்தச் சின்ன விஷயத்தில்தான் நம் கதையின் கரு இருக்கிறது. தகவலை இரண்டு வடிவில் வைத்திருந்தால் ஒன்று கெட்டால் மற்றதிலிருந்து மீட்கலாம். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கெடக் கூடாது.

சேலத்துக்காரர் கேட்ட கேள்வி

கணினிக்கு வருமுன் ஒரு தமிழ்க் கதை. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் புதிதாகத் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்தார் உ.வே.சாமிநாதையர். அந்த ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்தவர் சேலம் இராமசுவாமி முதலியார். சாமிநாதையர் தாம் படித்த அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று பட்டியல் சொன்னபோது முதலியார் அசையவே இல்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியையும் கொடுத்தார். உ.வே.சா. தம் 'என் சரித்திரம்' நூலில் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார்.

அதன் பிறகு நடந்தது ஒரு மாபெரும் தகவல் மீட்பு வேலை. ஒரே நூலுக்குப் பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் தேடிச் சேர்த்தார். ஓர் ஏட்டில் செல்லரித்த வரி இன்னோர் ஏட்டில் முழுதாக இருக்கும். இன்னோர் ஏட்டில் எழுதியவர் விட்ட சொல் மூன்றாவதில் இருக்கும். ஒப்பிட்டு ஒப்பிட்டு 1887-இல் சிந்தாமணி, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று அச்சில் கொண்டுவந்தார்.

எல்லாம் கிடைத்ததா? இல்லை. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் கிடைக்கவில்லை. 1904-இல் அவர் பதிப்பித்த பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. எத்தனை ஏடு தேடினாலும் எல்லாவற்றிலும் அதே இடம் காலி. பல பிரதிகள் இருந்தும் மீட்க முடியவில்லை என்றால், அவை எல்லாமே ஏற்கனவே குறைபட்ட ஏதோ ஒரு மூலத்திலிருந்து வந்திருக்கலாம். பிரதிகளின் எண்ணிக்கை மட்டும் பாதுகாப்பு ஆகாது, அவை ஒரே காரணத்தால் ஒன்றாகக் கெடாமலும் இருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 2007-க்கு வரும்போது தேவைப்படும்.

வார இறுதியில் கடுப்பான கணித அறிஞர்

1940-களின் பிற்பகுதி. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்டு ஹாமிங் என்ற கணித அறிஞர் ரிலேக்களால் ஆன கணினியில் வேலை பார்த்தார். வார இறுதியில் ஆள் இல்லாத நேரத்தில் அவருடைய கணக்குகள் ஓடும். நடுவில் பிழை வந்தால் இயந்திரம் அதைக் கண்டுபிடித்து, அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் விடை இருக்காது. பிழை இருப்பது இயந்திரத்துக்குத் தெரிகிறது என்றால், அது எந்த இடத்தில் என்று தெரிந்து திருத்தவும் ஏன் முடியாது என்று யோசித்தார். 1950-இல் அவர் வெளியிட்ட பிழை திருத்தும் குறியீடுகள் பற்றிய கட்டுரை ஒரு துறைக்கே அடித்தளம் ஆனது.

அடுத்த பெரிய அடி 1978-இல். ஐ.பி.எம். நிறுவனத்தின் நார்மன் கென் ஓச்சி, பழுதான சேமிப்பகத்திலிருந்து தகவலை மீட்கும் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் ரெய்டு 5 என்று பெயர் பெற்ற முறைக்கு மிக நெருக்கமான யோசனை அதில் இருந்தது. அதே 1970-களில் டாண்டம் நிறுவனத்தின் நான்ஸ்டாப் கணினிகள் ஒவ்வொரு வட்டுக்கும் அப்படியே ஒரு கண்ணாடிப் பிரதி வைத்துக்கொண்டன.

ஆனால் 'ரெய்டு' என்ற பெயரை உலகம் அறிந்தது பெர்க்லியிலிருந்துதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1988-இல் சிகாகோவில் நடந்த சிக்மாடு மாநாட்டில் ஒரு கட்டுரை படித்தார்கள். அப்போதைய பெருங்கணினிகளில் ஐ.பி.எம். 3380 போன்ற ராட்சத வட்டுகள் இருந்தன. 7,500 மெகாபைட் கொள்ளளவு, பெரிய விலை. மறுபக்கம் பெர்சனல் கம்ப்யூட்டருக்காக வந்த கானர் நிறுவனத்தின் சின்ன வட்டு வெறும் 100 மெகாபைட், ஆனால் மலிவு. ராட்சத வட்டு ஒன்றுக்குப் பதில் சின்ன வட்டுகளை வரிசையாக அடுக்கினால் என்ன என்பதே அவர்கள் கேள்வி.

ஒரு சிக்கல் இருந்தது. சின்ன வட்டு ஒன்றின் சராசரி ஆயுள் 30,000 மணி நேரம் என்று வைத்தால், 100 வட்டுகளில் ஏதாவது ஒன்று சராசரியாக 300 மணி நேரத்துக்கு ஒருமுறை பழுதாகும். அதாவது இரண்டு வாரம்கூடத் தாங்காது! ஆகவே கூடுதல் வட்டு வைத்து, அதில் மீட்புக்கான தகவலை எழுத வேண்டும் என்றார்கள். 'மலிவான வட்டுகளின் மிகைமை அணி' என்பதுதான் ரெய்டு என்ற சுருக்கத்தின் முதல் விரிவு. பிற்பாடு விற்க வந்தவர்களுக்கு 'மலிவான' என்ற சொல் உறுத்தியதோ என்னவோ, அது 'சார்பற்ற' என்று மாறிவிட்டது. :-)

கூட்டுத் தொகையில் ஒளிந்திருக்கும் வரி

சரி, அந்தக் கூடுதல் வட்டில் அப்படி என்ன எழுதுகிறார்கள்?

ஒரு கடைக் கணக்கு நோட்டை எடுத்துக்கொள்வோம். திங்கள் 400 ரூபாய், செவ்வாய் 250, புதன் 300. கீழே மொத்தம் 950. செவ்வாய்க்கிழமை வரியைப் பூச்சி அரித்துவிட்டது. கவலை இல்லை. 950-லிருந்து 400-ஐயும் 300-ஐயும் கழித்தால் 250 வந்துவிடும். மொத்தம் எழுதிய வரியே அழிந்தாலும் மறுபடி கூட்டிக்கொள்ளலாம். ஏதாவது ஒரு வரி போகலாம், எது வேண்டுமானாலும் போகலாம். இரண்டு வரி போனால்? அந்த இரண்டும் சேர்ந்து எவ்வளவு என்று தெரியும், தனித்தனியே தெரியாது.

கணினியில் கூட்டலுக்குப் பதில் 'எக்ஸார்' என்ற செயல். ஒரே இடத்து பிட்டுகளில் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணு. ஒற்றைப்படையானால் 1 எழுது, இரட்டைப்படையானால் 0 எழுது. மூன்று வட்டுகளில் 1, 1, 1 இருந்தால் நான்காவதில் 1. இரண்டாவது வட்டு போனால் மீதி மூன்றையும் எக்ஸார் செய்தால் போன 1 திரும்பக் கிடைக்கும். இந்த எழுத்துக்குப் பெயர் பேரிட்டி. பேரிட்டியை ஒரே வட்டில் வைக்காமல் எல்லா வட்டுகளிலும் சுழற்றி வைத்தால் அது ரெய்டு 5. அப்படியே முழுப் பிரதி எடுத்தால் ரெய்டு 1. எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் வேகத்துக்காகப் பிரித்து எழுதினால் ரெய்டு 0. (பூஜ்யம் என்று பெயர் வைத்ததே, வட்டு போனால் மிஞ்சுவது எவ்வளவு என்று சொல்லத்தான் என்பார்கள்.)

இரண்டு வட்டு போனாலும் தாங்க வேண்டுமானால் இரண்டாவதாக ஒரு வேறு வகைக் கணக்கு வேண்டும். 1960-இல் ரீடு, சாலமன் இருவரும் கண்டுபிடித்த குறியீட்டுக் கணிதம் அதற்குக் கைகொடுத்தது. நம் சி.டி.யில் கீறல் விழுந்தும் பாட்டு ஓடியதும் அதே கணிதத்தால்தான். இப்படி இரட்டைப் பாதுகாப்பு வைத்தது ரெய்டு 6.

லினக்ஸுக்குள் வந்த கதை

தொடக்கத்தில் ரெய்டு என்றால் தனி கார்டு, தனிப் பெட்டி, கனத்த விலை. அந்தக் கணக்கை எல்லாம் சாதாரண பிராசசரே செய்யட்டும் என்பதுதான் மென்பொருள் ரெய்டு.

லினக்ஸில் இதற்கான நிரலின் பெயர் 'எம்டி'. பல கருவிகள் என்று பொருள். மார்க் ஸிங்கியர் எழுதிய முதல் வடிவம் 1996-இல் வந்த 2.0 கெர்னலில் இருந்தது. இன்கோ மால்னார், மிகுவெல் டி இகாசா, காடி ஆக்ஸ்மன் ஆகியோர் ரெய்டு 5 நிரலை எழுதினார்கள். 2001 ஜனவரியில் வந்த 2.4 கெர்னலில் இன்கோ மால்னார் புதிதாக எழுதிய வடிவம் இடம்பெற்றது. 2004-இல் 2.6.2 கெர்னலில் எச். பீட்டர் ஆன்வினின் ரெய்டு 6 வந்தது.

அந்தக் காலத்தில் ரெய்டை அமைக்க 'ரெய்டு டூல்ஸ்' என்ற கருவித் தொகுப்பு. எந்த வட்டு முதலாவது, எது இரண்டாவது என்று ஒரு கோப்பில் நாமே எழுதி வைக்க வேண்டும். எழுதியதில் வரிசை மாறினால் அதோகதிதான்.

இதை மாற்றியவர் நீல் பிரவுன். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர், 2001-இல் 'எம்டிஏடிஎம்' என்ற கருவியை எழுதினார். அது தனிக் கோப்பை நம்பி இருக்கவில்லை. ஒவ்வொரு வட்டிலும் சூப்பர்பிளாக் என்ற ஒரு சின்னப் பகுதி உண்டு. நான் எந்த அணியைச் சேர்ந்தவன், எத்தனையாவது ஆள், மொத்தம் எத்தனை பேர் என்ற ஜாதகம் அதில் இருக்கும். வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும், வரிசை மாற்றிச் சொருகினாலும், ஜாதகத்தைப் படித்து அணியைச் சேர்த்துவிடும். மென்பொருள் ரெய்டின் பெரிய பலமே இதுதான். கார்டு ரெய்டில் கார்டு போனால் அதே மாதிரி கார்டு தேடி அலைய வேண்டும். இங்கே ஏதாவது ஒரு லினக்ஸ் கணினி போதும்.

நீல் பிரவுன் 2015 கடைசியில் பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவிக்கும் வரை ஏறத்தாழ 15 ஆண்டுகள் இந்த நிரலைப் பேணினார். வட்டு செத்துத் தவித்த எத்தனையோ முகம் தெரியாதவர்களுக்கு மின்னஞ்சலில் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். காசு வாங்காமல்!

தமிழ்நாட்டிலும் லினக்ஸ் ஒரு காலத்தில் அரசு வாசல் வரை வந்தது. சி.உமாசங்கர் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2006-07 வாக்கில் அந்நிறுவனம் சூஸே லினக்ஸுக்கு மாறியது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

அணி ஏன் படுக்கிறது?

ஒரு வட்டு போனால் தாங்கும் என்றால் ரெய்டு 5 அணி எப்படிச் சாகும்? வழிகள் நிறைய இருக்கின்றன.

முதல் வழி நமக்கு நன்றாகத் தெரிந்தது: கரண்ட் கட். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். 2012-இல் சென்னைக்கு 2 மணி நேரம் என்றால் மற்ற மாவட்டங்களில் பாதி நாளுக்குக் குறையாது. விசைத்தறிகள் நின்றன. கணினிகளும்தான்.

ரெய்டு 5-இல் ஒரு தகவலை மாற்றினால் அதன் பேரிட்டியையும் மாற்ற வேண்டும். இரண்டும் வெவ்வேறு வட்டில் இருக்கின்றன. தகவலை எழுதி, பேரிட்டி எழுதுவதற்குள் கரண்ட் போனால்? நோட்டில் 250-ஐ 350 என்று திருத்தியாயிற்று, மொத்தம் மட்டும் பழைய 950 ஆகவே நிற்கிறது. எல்லா வட்டும் நன்றாக இருக்கும்வரை இது வெளியே தெரியாது. பிறகு புதன் கணக்கு இருந்த வட்டு செத்தால் 950-லிருந்து 400-ஐயும் 350-ஐயும் கழித்து 200 என்று சொல்லும். உண்மை 300. யாரும் தொடாத புதன்கிழமைக் கணக்கு சத்தமில்லாமல் தப்பாகிவிட்டது! இதற்கு 'எழுத்து ஓட்டை' என்று பெயர் சொல்லலாம். அதனால்தான் அரைகுறையாக நின்ற அணியில் ஒரு வட்டும் இல்லையென்றால், லினக்ஸ் தானாக அதைத் தொடங்க மறுக்கும். 2016 ஜனவரியில் வந்த 4.4 கெர்னலில், மாற்றங்களை முதலில் ஒரு நாட்குறிப்பு வட்டில் எழுதிவிட்டுப் பிறகு அணியில் எழுதும் வசதி வந்து இந்த ஓட்டையை அடைக்க வழி செய்தது.

இரண்டாவது வழி, பொறுமை இல்லாமை. சாதாரண மேசைக் கணினி வட்டு ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் நிமிடக் கணக்கில் முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸ் 30 நொடிதான் காத்திருக்கும். பதில் வராவிட்டால் வட்டே போய்விட்டது என்று முடிவுக்கு வந்து அணியை விட்டு வெளியே தள்ளிவிடும். வட்டு நன்றாகத்தான் இருக்கும், ஒரு செக்டர் மட்டும் மோசம். சேமிப்பகங்களுக்கென்றே விற்கும் வட்டுகள் சில நொடிகளிலேயே முடியவில்லை என்று சொல்லிவிடும். விலை வித்தியாசத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது வழிதான் கொடுமையானது. ஒரு வட்டு போய், புது வட்டு போட்டு மறுகட்டமைப்பு நடக்கும்போது மீதி எல்லா வட்டுகளையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும். வருடக் கணக்கில் யாரும் தொடாத மூலையில் கெட்டுப்போயிருக்கும் செக்டர் அப்போதுதான் பல்லைக் காட்டும். மேசைக் கணினி வட்டுகளுக்கு, கோடி கோடி பிட் படித்தால் ஒரு பிழை வரலாம் என்று தயாரிப்பாளர்களே குறித்திருப்பார்கள். கோடி கோடி பிட் என்றால் 12.5 டெராபைட். 4 டெராபைட் வட்டு ஐந்து உள்ள அணியில் ஒன்று போனால் மீதி 16 டெராபைட்டைப் பிழையின்றிப் படிக்க வேண்டும். நடைமுறையில் வட்டுகள் பெரும்பாலும் அந்தக் குறிப்பைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனாலும் 1988-இன் 100 மெகாபைட் வட்டை நொடிக்கு 1 மெகாபைட் வேகத்தில் 100 நொடியில் படித்து முடிக்கலாம், 4 டெராபைட் வட்டை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் படித்தாலும் 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதை மறக்கக் கூடாது. அந்த 7 மணி நேரமும் அணி ஒற்றைக் காலில் நிற்கிறது.

2007 சொன்ன உண்மை

2007-இல் வட்டுப் பழுது பற்றிச் சில முக்கியமான ஆய்வுகள் வெளிவந்தன. அதுவரை தயாரிப்பாளர் சொல்வதுதான் கணக்கு. பத்து லட்சம் மணி நேர ஆயுள் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அதன்படி ஆண்டுக்கு 0.88 சதவீத வட்டுகள்தான் பழுதாக வேண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் இருவரும் சுமார் ஒரு லட்சம் வட்டுகளின் பதிவேடுகளை ஆராய்ந்தார்கள். ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் மாற்றப்படுவது சகஜம், சில இடங்களில் 13 சதவீதம் வரை என்று தெரிந்தது. லட்சுமி பைரவசுந்தரமும் உடன் ஆய்வாளர்களும் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை 32 மாதங்கள் கவனித்ததில், 3.45 சதவீத வட்டுகளில் மறைந்திருக்கும் கெட்ட செக்டர்கள் வந்திருந்தன.

கார்த் கிப்சன் என்ற பெயரை முன்பே பார்த்தோம் அல்லவா? 1988-இல் ரெய்டு கட்டுரை எழுதிய மூவரில் ஒருவர் அவரேதான். வட்டுகள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே பழுதாகும் என்ற எளிய அனுமானத்தில் கணக்குப் போட்டவர், 19 ஆண்டுகள் கழித்து நிஜ உலகப் பதிவேடுகளைப் பார்த்து, ஒரு வட்டு போனால் அடுத்ததும் சீக்கிரம் போகும் வாய்ப்பு அந்த அனுமானத்தைவிட அதிகம் என்று தாமே காட்டினார். தம் பழைய கணக்கைத் தாமே சோதித்துப் பார்க்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்?

காரணம் யோசித்தால் புரியும். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கிய நான்கு வட்டுகள் ஒரே வெயிலில், ஒரே மின்சாரத்தில், ஒரே அளவு ஓடுகின்றன. பதிற்றுப்பத்து ஏடுகள் எல்லாவற்றிலும் அதே பத்துகள் காணாமல் போன கதையும் ஏறத்தாழ இதே இனம்தான்.

படுத்த அணியை எழுப்புவது எப்படி?

அம்மாபேட்டையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவைக் கற்பனை செய்வோம். நான்கு வட்டு ரெய்டு 5. பத்து வருடக் கல்யாண ஆல்பங்கள். ஒரு வட்டு மூன்று மாதம் முன்பே வெளியேறிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. இன்று இன்னொன்றும் வெளியேறிவிட்டது. அணி நின்றுவிட்டது. அந்த ஆல்பங்களில் இருக்கும் தாத்தா பாட்டிகளில் சிலர் இன்று உயிரோடு இல்லை. மறுபடி எடுக்க முடியாத படங்கள்.

அனுபவசாலிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் ஒழுங்கு இது.

1. கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலான இழப்பு வட்டு பழுதானதால் வருவதில்லை, பழுதான பிறகு பதற்றத்தில் அடித்த கட்டளையால் வருகிறது. அணியில் எதையும் எழுத வேண்டாம். கோப்பு முறைமையைச் சரிசெய்யும் கருவியை ஓட்டவே வேண்டாம்.

2. ஜாதகத்தைப் படியுங்கள். எம்டிஏடிஎம்-இன் 'எக்ஸாமின்' கட்டளை ஒவ்வொரு வட்டின் சூப்பர்பிளாக்கையும் காட்டும், எதையும் மாற்றாது. அதை அப்படியே வேறு இடத்தில் சேமியுங்கள். அதில் 'ஈவென்ட்' எண் முக்கியம். அணியின் நிலை மாறும்போதெல்லாம் அது கூடும். வெளியேறிய வட்டில் எண் அங்கேயே நின்றுவிடும். நம் ஸ்டூடியோவில் இரண்டு வட்டு 8,210 என்றும், இன்று வெளியேறியது 8,204 என்றும், மூன்று மாதம் முன்பு போனது 3,117 என்றும் காட்டுகிறது என்று வைப்போம். யார் ஏறத்தாழப் புதியவர், யார் பழைய ஆள் என்று எண்ணே சொல்லிவிடுகிறது. எந்த ஏடு நம்பத் தகுந்தது என்று உ.வே.சா. பார்த்த அதே வேலை.

3. பிரதி எடுங்கள். கெட்ட செக்டர் உள்ள வட்டைச் சாகும்வரை விரட்டக் கூடாது. 2004-இல் அன்டோனியோ டியாஸ் டியாஸ் வெளியிட்ட 'டிடிரெஸ்க்யூ' என்ற கருவி, எளிதில் படிக்க முடிந்ததை முதலில் நகலெடுத்துவிட்டுக் கஷ்டமான இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எங்கே நின்றோம் என்பதைக் கோப்பில் குறித்துக்கொள்ளும். இனி எல்லா வேலையும் பிரதியில்தான்.

4. பிரதியின் மேல் ஒரு மெல்லிய தாள் விரியுங்கள். லினக்ஸில் 'ஓவர்லே' என்ற வசதி உண்டு. எழுதுவதெல்லாம் தனிக் கோப்புக்குப் போகும், அடியில் இருக்கும் வட்டு மாறாது. தவறாகப் போனால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கலாம். 

5. வலிந்து சேர்த்துப் பாருங்கள். 'அசெம்பிள்' கட்டளையோடு 'ஃபோர்ஸ்' சேர்த்து, 8,210 உள்ள இரண்டையும் 8,204-ஐயும் மட்டும் கொடுக்க வேண்டும். மூன்று வட்டுகள், ரெய்டு 5-க்குப் போதும். பழைய 3,117-ஐச் சேர்த்தால் மூன்று மாதப் பழைய தகவலும் புதிய தகவலும் கலந்து சாம்பாராகிவிடும். எழுந்த அணியைப் படிக்க மட்டும் என்ற நிலையில் மவுண்ட் செய்து, முதலில் படங்களை வெளியே நகலெடுக்க வேண்டும். பழுது பார்ப்பதெல்லாம் பிறகு.

6. 'கிரியேட்' கட்டளை கடைசி ஆயுதம். இது பழைய ஜாதகத்தை அழித்துப் புதிதாக எழுதும். வட்டு வரிசை, துண்டு அளவு, தகவல் தொடங்கும் இடம் மூன்றும் பழையபடியே இருந்தால்தான் தகவல் தெரியும். இங்கே வரலாறு ஒரு கண்ணிவெடி வைத்திருக்கிறது. 2010 வாக்கில் எம்டிஏடிஎம் தன் இயல்பு அமைப்புகளை மாற்றிக்கொண்டது. துண்டு அளவு 64 கிலோபைட்டிலிருந்து 512 ஆனது. வட்டின் கடைசியில் இருந்த சூப்பர்பிளாக் தொடக்கத்துக்கு வந்தது. தகவல் தொடங்கும் இடமும் பதிப்புக்குப் பதிப்பு நகர்ந்தது. பழைய பதிப்பில் கட்டிய அணியைப் புதிய பதிப்பில் எதுவும் சொல்லாமல் 'கிரியேட்' செய்தால் எல்லாம் இடம் மாறித் தெரியும். அதன்மேல் கோப்பு முறைமைப் பழுது பார்ப்பையும் ஓட்டினால் அவ்வளவுதான். இரண்டாவது படியில் சேமித்து வைத்த ஜாதகம் அப்போதுதான் உயிர் காக்கும்.

நோய் வரும் முன் செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம். டெபியனில் மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவுக்குப் பின் அணி முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் வேலை தானாக ஓடும்படி பல ஆண்டுகளாக வைத்திருந்தார்கள். தொடாத மூலையில் கெட்ட செக்டர் இருந்தால் பேரிட்டி உயிரோடு இருக்கும்போதே தெரிந்து திருத்திவிடும். ஒரு வட்டு வெளியேறினால் மின்னஞ்சல் அனுப்பும் வசதி எம்டிஏடிஎம்-இலேயே இருக்கிறது. நம் ஸ்டூடியோவில் அந்த முகவரியை நிரப்பியிருந்தால் மூன்று மாதம் முன்பே கதை முடிந்திருக்கும்.

ரெய்டு காப்புப் பிரதி ஆகாது

கடைசியாக ஒன்று. ரெய்டு வட்டுப் பழுதை மட்டுமே தாங்கும். தெரியாமல் அழித்த கோப்பை அது எல்லா வட்டிலும் விசுவாசமாக அழிக்கும். வைரஸ் எழுதியதையும் பேரிட்டியோடு பாதுகாக்கும். திருட்டு, வெள்ளம், தீ ஆகியவற்றின் முன் நான்கு வட்டும் ஒரே பெட்டிதான்.

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி உள்ள நூல்களை மறுபடி வாங்கி வைக்க முடிந்தது. வேறெங்கும் இல்லாத ஏடுகள், கையெழுத்துப் பிரதிகள் போனது போனதுதான். எவ்வளவு பெரிய கட்டடம், எத்தனை அலமாரி என்பதெல்லாம் அன்று உதவவில்லை. இன்னோர் ஊரில் இன்னொரு பிரதி இருந்ததா என்பது மட்டுமே கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்களும் தமிழர்களில் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களைக் கொண்டு 1994-இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம் நுண்படம் எடுத்துப் பாதுகாத்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்று கொடுத்தது. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்தது. உலகம் முழுக்க யார் யார் கணினியிலோ இருக்கும் அந்தக் கோப்புகளை ஒரே தீ எரிக்க முடியாது.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டில் ரெய்டு இருக்கிறதோ இல்லையோ, புராஜெக்ட் ரிப்போர்ட்டும் குடும்பப் படங்களும் இப்போது எத்தனை இடத்தில் இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். விடை ஒன்று என்றால், இன்று மாலையே ஒரு வெளி வட்டில் நகல் எடுத்து, அதைப் பக்கத்துத் தெருச் சித்தப்பா வீட்டு பீரோவில் கொடுத்து வையுங்கள். அவர் என்ன இது என்று கேட்டால் ரெய்டுக்குப் பயந்து ஒளித்து வைக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!